ஜப்பான் சாலைக்கு மூன்று வழிகள்: ஹொரைசன் 6, டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர், கிரான் டூரிஸ்மோ 7

2025 செப்டம்பர் 25. ரேசிங் கேம் பைத்தியங்களுக்கு அன்று தீபாவளியும் பொங்கலும் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. டோக்கியோ கேம் ஷோவில் 'ஃபோர்ஸா ஹொரைசன் 6' ஜப்பானில் நடக்கப்போகிறது என்று அறிவித்தார்கள். அதே நாளில், எட்டு மாதமாக அரைகுறையாக விற்றுக்கொண்டிருந்த 'டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர்' முழு வடிவத்தில் வெளிவந்தது. ஒன்று நிச்சயமாகி நாள் குறித்த கல்யாணம்; இன்னொன்று இலையில் விழுந்துவிட்ட சாப்பாடு. நான் அன்றிரவு சாப்பாட்டில் கை வைத்தபடியே கல்யாணப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஏக்கம் பழையது. முதல் ஹொரைசன் 2012இல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்தது. 2014இல் தென் பிரான்சும் வட இத்தாலியும், 2016இல் ஆஸ்திரேலியா, 2018இல் பிரிட்டன், 2021இல் மெக்ஸிகோ. ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்பும் 'இந்தத் தடவை ஜப்பான்தான்' என்று ரசிகர் கூட்டம் அடித்துச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் வேறு நாட்டுக் கொடி பறக்கும். செப்டம்பர் முன்னோட்டத்தில் பழைய ஊர்களின் நம்பர் பிளேட்டுகளை வரிசையாகக் காட்டிவிட்டுக் கடைசியில் ஃபூஜி மலையைக் காட்டினார்கள் பாருங்கள், அதைத் தயாரித்த பிளேகிரவுண்ட் கேம்ஸ்காரர்களுக்கும் இந்தக் கேலி தெரியும் என்று புரிந்தது.

2026 ஜனவரி மாத நிகழ்ச்சியில் கேமை ஓட்டியே காட்டிவிட்டார்கள். மே 19 அன்று எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் பிசியிலும் வருகிறது. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) பதிப்பு அதற்கப்புறம். 550க்கு மேற்பட்ட கார்கள். இனி கையில் இருப்பவற்றோடு வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஜப்பான் சாலையில் கார் ஓட்டும் ஆசையைத் தீர்க்க இன்று மூன்று பெரிய வழிகள் உண்டு. வரப்போகிற ஹொரைசன் 6 ஒன்று. கெங்கி நிறுவனத்தின் டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர் இன்னொன்று. 2022 மார்ச்சில் பிளேஸ்டேஷனுக்கு மட்டும் வந்து இன்னமும் வளர்ந்துகொண்டிருக்கும் கிரான் டூரிஸ்மோ 7 மூன்றாவது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் பிஎஸ்5 மட்டும்தான் இருக்கிறதென்றால் மே மாதத்தில் உங்களுக்கு ஹொரைசன் 6 கிடையாது, கிரான் டூரிஸ்மோவைத் தொடருங்கள். பிசி வைத்திருப்பவருக்குத்தான் உண்மையான குழப்பம்.

படத்தின் பளபளப்பை வைத்து ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. மூன்றுமே பார்க்க அழகுதான். ஜப்பானில் கார் ஓட்டுவது என்றால் என் மனதில் வருபவை மூன்று இடங்கள்: இரவு நேர டோக்கியோ மேம்பால நெடுஞ்சாலை, மலைக்கணவாய்ப் பாதை, சுஸுகா மாதிரியான பந்தயக் களம். யார் எந்த இடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதே என் கேள்வி.

இரவு, மேம்பாலம், ஹெட்லைட்

டோக்கியோவின் ஷுதோ நெடுஞ்சாலையின் முதல் துண்டு 1962இல் திறந்தது. 1964 ஒலிம்பிக்ஸுக்குள் சாலை வேண்டும், ஆனால் நடு நகரத்தில் நிலம் வாங்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஆறு, வாய்க்கால் எங்கே ஓடுகிறதோ அதன் மேலேயே தூண் நட்டுச் சாலையைப் போட்டார்கள். வாய்க்கால் வளைந்த இடத்தில் சாலையும் வளைகிறது. கட்டடங்களுக்கு நடுவே நுழைகிறது, திடீரென்று சுரங்கத்தில் இறங்குகிறது, வலது பக்கத்திலிருந்து வண்டிகள் வந்து சேர்கின்றன. சி1 எனப்படும் உள்வட்டம் ஒரு சுற்றுக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரேஸுக்கென்று யாராவது உட்கார்ந்து வரைந்திருந்தால்கூட இவ்வளவு வக்கிரமான பாதை கிடைத்திருக்காது.

இந்தச் சாலையைக் கெங்கி அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் இல்லை. 1994இல் நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான சூப்பர் ஃபேமிகாமில் ஆரம்பித்த தொடர் இது. ஏறத்தாழ 18 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பியிருக்கிறது. இதில் பந்தயத்துக்குத் தொடக்கக் கோடு கிடையாது, முடிவுக் கோடும் கிடையாது. சாதாரண லாரி, டாக்ஸிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். முன்னால் ஒரு போட்டியாளரின் கார். பின்னால் போய் ஹெட்லைட்டை ஒரு தடவை அடித்துக் காட்டினால் சவால். இருவருக்கும் திரையில் ஒரு பட்டை. பின்தங்கியவரின் பட்டை கரையத் தொடங்கும். எவ்வளவு தூரம் பின்தங்குகிறோமோ அவ்வளவு வேகமாகக் கரையும். சுவரில் மோதினாலும் லாரியில் உரசினாலும் நம் பட்டையில் ஒரு கடி. பட்டை தீர்ந்தவர் தோற்றார்.

கேட்க எளிது. ஆனால் இது ரேஸின் குணத்தையே மாற்றிவிடுகிறது. மற்ற கேம்களில் மூன்றாவது லேப்பில், அதாவது மூன்றாவது சுற்றில், முந்திக்கொள்ளலாம் என்று காத்திருக்கலாம். இங்கே பின்னால் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் ரத்தம் போகிறது. முன்னால் போய்விட்டாலோ அடுத்த வளைவில் என்ன வண்டி நிற்கிறதென்று முதலில் கண்டுபிடிப்பது நம் தலைவிதி. ஒரு இரவு, என்னை விடப் பெரிய காரோடு மோதி, பட்டை நூலிழையாக இருந்தபோது, எதிராளி ஒரு லாரியின் பின்பக்கத்தில் போய் முட்டிக்கொண்டதால் ஜெயித்தேன். அதிர்ஷ்டம்தான். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பார்க்கிங் ஏரியாவில் இறங்கினால் அங்கே நிற்கும் ஓட்டுநர்களோடு பேசலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு குழு, ஒரு கிறுக்குத்தனம். சிலர் நீங்கள் குறிப்பிட்ட நிபந்தனையைப் பூர்த்தி செய்தால்தான் சவாலுக்கு ஒப்புக்கொள்வார்கள். இவர்களுக்காகத் துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் ஒரு கேமுக்காகப் பேனா எடுத்தது இதற்கு மட்டும்தான்.

கிரான் டூரிஸ்மோ 7இல் இருக்கும் டோக்கியோ எக்ஸ்பிரஸ்வே வேறு ஜாதி. பெயரிலும் தோற்றத்திலும் ஷுதோ. நடத்தையில் மூடிய பந்தயக் களம். போக்குவரத்து கிடையாது, இருபுறமும் கான்கிரீட் சுவர். இதில் 12 லேப் ஓடும் ஒரு போட்டியை எல்லாரும் பணம் சம்பாதிக்கத்தான் ஓட்டுகிறார்கள்: எங்கும் மோதாமல் முதலாவதாக வந்தால் 825,000 கிரெடிட், அதாவது கேமுக்குள் செல்லும் பணம். நடுவில் மழை பிடித்துக்கொள்ளும். எந்த லேப்பில் டயர் மாற்றுவது, எரிபொருளை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்று கணக்குப் போட்டு ஓட்ட வேண்டும். அருமையான போட்டி, ஆனால் அதை ஓட்டும்போது டோக்கியோவில் இருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆபீஸுக்குப் போய் வருகிற உணர்வுதான்.

ஹொரைசன் 6 இங்கே என்ன செய்யப்போகிறது? இந்தத் தொடரில் வந்த நகரங்களிலேயே டோக்கியோதான் மிகப் பெரியது என்கிறார்கள். மெக்ஸிகோவின் குவானஹுவாட்டோவில் நான்கு வளைவு திரும்பினால் ஊர் முடிந்துவிடும். அந்தக் குறை இனி இருக்காது. யோகோஹாமாவின் டைகோக்கு பார்க்கிங் ஏரியாவில் கார் பிரியர்கள் ராத்திரி கூடுவார்களே, அதை மனதில் வைத்துக் கார் கூட்டங்களும் உண்டு. அடுத்தவர் காரைச் சுற்றிவந்து பார்த்து, பொறாமைப்பட்டு, வீட்டுக்குப் போகலாம். எனக்கு இது பிடிக்கும். ஆனால் ஒரு சந்தேகம் விடவில்லை. ஹொரைசனில் போக்குவரத்து எப்போதும் ஒரு அலங்காரம். மோதினாலும் ஒரு பொத்தானை அழுத்தி நேரத்தைப் பின்னோக்கி ஓட்டிவிடலாம். பயம் இல்லாத ஷுதோ வெறும் விளக்கு அலங்காரம். இந்த ஒரு இடத்தில் கெங்கியின் சின்னக் கேமை, எத்தனை கோடி செலவு செய்தாலும் ஹொரைசன் தாண்டும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஹோன்பாஷி பாலத்தின் தலைமேல் ஓடும் மேம்பாலத் துண்டை எடுத்துவிட்டு நெடுஞ்சாலையை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. 2040 வாக்கில் மேம்பாலமே அங்கே இருக்காது என்பது திட்டம். அந்த இடத்தின் பழைய இரவை நாளைக்குப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கேம்களுக்குள்தான் போக வேண்டியிருக்கும்.

மலைப்பாதை

எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெட்டது இங்கேதான். 'தோகே' என்றால் ஜப்பானியத்தில் கணவாய். ஜப்பானிய கார் கலாச்சாரத்தின் பாதி இந்த மலைக்கணவாய்களில் பிறந்தது. நிக்கோவில் இரோஹாசாகா என்று ஒரு பாதை இருக்கிறது: ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு ஒரு சாலை, இரண்டிலும் சேர்த்து 48 வளைவுகள். பழைய ஜப்பானிய அரிச்சுவடியின் 48 எழுத்துகளுக்கு ஒன்றாக வளைவுக்கு ஒரு எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஏலகிரி ஏறியவருக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின், வள்ளல்களின் பெயர்கள். வளைவுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடும் ஊர்கள் என்றைக்குமே எனக்கு நெருக்கம்.

ஹொரைசன் 6இல் மலைப்பாதையில் ஒருவருக்கு எதிராக ஒருவர் மட்டும் மோதும் தோகே போட்டிகள் இருக்கின்றன. பழைய ஹொரைசன்களில் பன்னிரண்டு கார்கள் ஒரே வளைவுக்குள் முண்டியடித்துக்கொண்டு நுழையும். திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த மாதிரி, முதல் வளைவு முடிந்ததும் நம் பம்பர் எங்கே என்று தேட வேண்டும். இருவர் மட்டும், குறுகிய சாலை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்றால் கதையே வேறு. குதிரைசக்தி அதிகமுள்ள கார் நேர்ச்சாலையில் பிய்த்துக்கொண்டு போகும். இறக்கத்தில் லேசான கார் அதன் முதுகில் வந்து ஒட்டிக்கொள்ளும். 1983இல் வந்த டொயோட்டா ஏஇ86 மாதிரி சுமார் ஒரு டன்னுக்கும் குறைவான எளிய கார் இன்றுவரை கொண்டாடப்படுவது இறக்கத்தில்தான்.

மற்ற இரண்டும் இந்த இடத்தில் கை விரிக்கின்றன. கிரான் டூரிஸ்மோ 7இல் மலைச்சாயல் கொண்ட கற்பனைக் களங்கள் உண்டு, ஆனால் அவை அகலமான, பாதுகாப்பான பந்தயப் பாதைகள். ஜப்பானியக் கணவாய் ஒன்றுகூட இல்லை. கெங்கிக்காரர்கள் 2003இலேயே மலைப்பாதைக்கென்று தனியாக 'கைதோ பேட்டில்' என்று ஒரு தொடர் செய்தவர்கள்; புதிய கேமிலோ நெடுஞ்சாலையோடு நிறுத்திக்கொண்டார்கள். 2025 மே மாதம் வந்த 'ஜப்பானீஸ் டிரிஃப்ட் மாஸ்டர்' மலைப்பக்கம் போனது. டிரிஃப்ட் அடிப்பதற்கு, அதாவது வளைவில் காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டுவதற்கு, மட்டும் நன்றாக இருந்தது; நேராக ஓட்டும் ரேஸில் கார் சோப்புக்கட்டியாக வழுக்கியது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

ஆகவே இந்தச் சுற்று, கேம் வருவதற்கு முன்பே ஹொரைசனுக்கு. ஆடவே வராதவனுக்கு மதிப்பெண் போடுவது தப்புதான். ஆனால் எதிரே ஆள் இல்லையே.

ஒரு சின்ன விஷயம், எனக்குப் பெரிது. ஜப்பானில் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிறார்கள்; ஸ்டீயரிங் வலது கைப்பக்கம். மெக்ஸிகோவில் நான்கு ஆண்டாக எதிர்ப்புறத்தில் ஓட்டி, ஒவ்வொரு சந்திப்பிலும் எதிரே வரும் வண்டியைத் தவறான பக்கம் ஒதுக்கி மோதிக்கொண்டிருந்தேன். பிரிட்டனுக்கு அடுத்து இப்போதுதான் என் மூளைக்கு ஏற்ற நாடு வருகிறது. காருக்குள்ளிருந்து பார்க்கும் கோணத்தில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: ஓட்டுநரின் கைகள் இனி 540 டிகிரி வரை ஸ்டீயரிங்கைத் திருப்பும். பழைய ஹொரைசன்களில் கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கைகள் கால்வட்டம் திரும்பிவிட்டு அப்படியே நின்றுவிடும். பொம்மலாட்டப் பொம்மை ஓட்டுகிற மாதிரி இருக்கும். பத்து ஆண்டுக்கு மேலாக ரசிகர்கள் முணுமுணுத்தது இது. ஒரு வழியாகக் காதில் விழுந்திருக்கிறது.

பந்தயக் களம்

இதில் வாதமே இல்லை. கிரான் டூரிஸ்மோ 7இல் சுஸுகா இருக்கிறது, ஃபூஜி இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் நீளமே உள்ள ட்ஸுகூபாவும் இருக்கிறது. தன் மேல் தானே குறுக்கிட்டு எட்டு வடிவத்தில் ஓடும் சுஸுகாவின் 5.807 கிலோமீட்டரில் முதல் பகுதி எஸ் வளைவுகளைச் சரியாகக் கோக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மழை நின்றதும் கார்கள் ஓடிய தடம் மட்டும் முதலில் காய்ந்து, மற்ற இடம் ஈரமாகவே பளபளக்கும். அந்தத் தடத்தை விட்டு ஒரு முழம் விலகினால் போச்சு. ஹொரைசன் 6 நேரத்தோடு போட்டி போடும் களங்களை வரைபடத்துக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அதன் காரோட்டம் விளையாட்டுத்தனத்தின் பக்கம் சாய்ந்தது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். லேப் நேரத்தில் பத்தில் ஒரு விநாடியைக் குறைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பவர் என்றால் கிரான் டூரிஸ்மோதான்.

காரைச் சம்பாதிப்பதும் காரைக் கொட்டுவதும்

ஹொரைசன் 5 மேல் எனக்கு ஒரு தீராத கோபம். கேமைத் தொடங்கிய நிமிடத்திலேயே நீங்கள் சூப்பர்ஸ்டார். எங்கே திரும்பினாலும் பரிசுச் சக்கரம் சுற்றும், கார் விழும். இரண்டு நாளில் கராஜில் முப்பது கார். அதில் இருபத்தைந்தின் பெயர்கூட நினைவில் நிற்காது. சீர்வரிசைத் தட்டுகளை எண்ணுகிற வேலையாகிவிட்டது.

ஹொரைசன் 6இல் நீங்கள் ஜப்பானைச் சுற்றிப் பார்க்க வந்த சாதாரண ஆள். கேமின் மையமான கார்த் திருவிழாவுக்குள், அதாவது ஹொரைசன் விழாவுக்குள், நுழையவே தகுதிப் போட்டிகளில் ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறத்தில் கைப்பட்டை. முதல் ஹொரைசனில் இந்தக் கைப்பட்டை முறை இருந்தது, நடுவில் மறந்துவிட்டார்கள். அறிவித்த புதுமைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், டோக்கியோவும் இல்லை, ஃபூஜி மலையும் இல்லை, இந்தப் பழைய முறை திரும்பி வருவதுதான். அதே நேரம், 550 காரை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்ற சந்தேகமும் இருக்கிறது. பரிசுச் சக்கரம் மூன்றாம் நாளே சுற்ற ஆரம்பித்தால் என் கோபம் புதுப்பிக்கப்படும்.

டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர் இதில் கஞ்சன். ஒரு காரை வாங்கி, அதையே தேற்றி, எஞ்சினை மாற்றி, அதனோடேயே பல இரவுகள் வாழ வேண்டும். கார்களின் எண்ணிக்கை குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். கிரான் டூரிஸ்மோ நடுவாந்தரம். காபிக் கடைக்காரர் ஒவ்வொரு பட்டியலாகக் கொடுக்க, அதன்படி கார் சேர்த்து, அந்தக் காரின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டே போகலாம். கார் மேல் மரியாதை வைத்தவர்கள் செய்த கேம் என்று அந்தக் கடையில் தெரியும். ஆனால் பழம்பெருமை வாய்ந்த கார்களின் விலை மயக்கம் வரவைக்கும். அந்த 825,000 கிரெடிட் போட்டியை மறுபடி மறுபடி ஓட்டுவது அதனால்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. 2018இல் ஹொரைசன் 4 வந்தபோது அதில் டொயோட்டா சூப்ராவே கிடையாது. உரிமம் கிடைக்காததால் டொயோட்டாவின் சாலைக் கார்கள் இல்லாமலே கேம் வந்தது. ஓர் ஆண்டுக்கு மேல் பொறுத்த பிறகுதான் சூப்ரா திரும்பியது. இன்று ஹொரைசன் 6இன் அட்டைப் படத்தில் நிற்பதே டொயோட்டாவின் ஜிஆர் ஜிடி, பக்கத்தில் லேண்ட் குரூஸர். சம்பந்தி சண்டை தீர்ந்து பந்தியில் முதல் இலை போட்ட கதை.

அட்டைப்பட நாயகனை விட எனக்கு ஆசை கேய் கார்கள் மேல். 660 சிசிக்கு மிகாத எஞ்சின், 3.4 மீட்டருக்கு மிகாத நீளம் என்று ஜப்பான் சட்டம் போட்டு வளர்த்த குட்டிக் கார்கள். நம் ஊர் மாருதி 800 இந்தக் குடும்பத்து வாரிசு. சுஸுகி ஆல்டோவை எடுத்து எஞ்சினைக் கொஞ்சம் பெரிதாக்கி 1983இல் இங்கே விட்டார்கள். அந்தக் காரின் பின்சீட்டில் வளர்ந்தவன், அதன் ஒன்றுவிட்ட தம்பியை ஜப்பானிய மலையிலிருந்து கீழே உருட்டாமல் விடுவேனா? கிரான் டூரிஸ்மோவில் சுஸுகி கப்புசினோ என்ற கேய் கார் ஏற்கெனவே என் கராஜில் இருக்கிறது. ட்ஸுகூபாவில் அது துள்ளுவதைப் பார்த்தால் குதிரைசக்திக் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

பருவங்கள், மற்றவை

பிரிட்டனில் தொடங்கிய நான்கு பருவங்கள் ஜப்பானில் இருக்கின்றன. இது வெறும் நிறமாற்றம் என்று சிலர் அலட்சியமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மெக்ஸிகோவில் பருவம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. வரைபடத்தின் பெரும்பகுதியில் வெயில் காலமும் மழைக்காலமும்தான். ஜப்பானில் செர்ரி பூக்கும் வசந்தம், இலை சிவக்கும் இலையுதிர் காலம், மலையில் பனி மூடும் குளிர்காலம் என்று ஒரே சாலை நான்கு முகம் காட்டும். பனி விழுந்த கணவாயில் அதே ஏஇ86 வேறு கார். பருவத்துக்கு ஏற்ப ஊரின் ஒலிகளையும் மாற்றியிருப்பதாகச் சொன்னார்கள். கோடையில் சில்வண்டு கத்தினால், சும்மா காரை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மற்ற இரண்டு கேம்களிலும் இப்படி நிறுத்திவிட்டு உட்கார இடமே கிடையாது.

சொந்தமாக ஒரு பள்ளத்தாக்கு நிலம் கொடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்கிறார்கள். நண்பர்களோடு சேர்ந்து பாதை அமைக்கும் வசதியும் உண்டு. இதெல்லாம் என் அக்கா பையனுக்கு. எனக்கு வீடு கட்டும் பொறுமை நிஜத்திலும் இல்லை, கேமிலும் இல்லை.

கைக்காசும் இணையமும்

கிரான் டூரிஸ்மோ 7க்கு இணையம் இல்லாமல் ஏறக்குறைய எதுவும் நகராது. தனியாக ஓட்டும் போட்டிக்கும் சர்வர் வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு அப்டேட் சொதப்பியதில் ஒரு நாளுக்கு மேல் உலகம் முழுக்க யாராலும் ஆட முடியவில்லை. காசு கொடுத்த கார்கள் கராஜில் கிடந்தன, சாவி மட்டும் வேறு ஒருவரிடம். அந்தக் கோபம் தணிந்தாலும் பாடம் மறக்கவில்லை.

ஹொரைசனில் வேறு மாதிரிச் சிக்கல். கார், பாட்டு உரிமங்கள் காலாவதியாகும்போது கேமையே விற்பனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஹொரைசன் 4 இப்படித்தான் 2024 டிசம்பரில் கடையிலிருந்து போனது. வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம், புதிதாக வாங்க முடியாது. இன்னொன்று, எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தாவான கேம் பாஸின் அல்டிமேட், பிசி வகைகளில் முதல் நாளே கிடைக்கும் என்பதால் பலர் அதிலேயே ஆடுவார்கள். சந்தா முடிந்தால் சாவி திரும்பப் போய்விடும். எனக்கு இது கட்டுப்படியாகிறது: ஒரு மாதம் சந்தாவில் ஆடிப் பார்த்து, கைப்பட்டை விஷயத்தில் ஏமாற்றவில்லை என்று தெரிந்தால் அப்புறம் வாங்கலாம். ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஹொரைசன் 5 ஒன்றே 100 ஜிபியைத் தாண்டியது.

டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர் இந்தக் கவலையெல்லாம் இல்லாத கேம். வாங்கினால் நம்முடையது, தனியாக ஆடுவதற்கென்றே செய்தது. அதனால் நண்பர்களோடு ஓட்ட ஆசைப்படுபவருக்கு அது சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கன்ட்ரோலரில்தான் அது சுகம். ஸ்டீயரிங் வீல் வாங்கி மேசையில் பூட்டி வைத்திருப்பவர் கிரான் டூரிஸ்மோ பக்கம் போனால் போட்ட காசுக்குப் பலன் கிடைக்கும்.

ஒரே ஒன்றைத்தான் வாங்க முடியும், கையில் பிசி இருக்கிறது என்று யாராவது என்னைப் பிடித்துக் கேட்டால், மே 19 வரை பொறு என்பேன். ஊர் சுற்றவும், மலையில் இறங்கவும், மழையில் நிற்கவும், கூட்டத்தோடு கும்மாளம் போடவும் ஒரே இடத்தில் இடம் கொடுப்பது ஹொரைசன் 6 மட்டும்தான். இரவு நெடுஞ்சாலை மட்டும் போதும் என்பவர் இன்றைக்கே கெங்கியிடம் போகலாம். ஹொரைசன் வந்த பிறகும் அந்த இரவுக்கு மாற்று இருக்காது.

என் திட்டம் தயார். கூடுதல் காசு கொடுத்தால் மே 15 அன்றே, நான்கு நாள் முன்னதாகவே ஆடலாமாம். பதினான்கு ஆண்டு காத்தவனுக்கு நான்கு நாள் ஒரு பொருட்டா? அந்தக் காசை மிச்சம் பிடித்தாயிற்று. ஹொரைசன் 5ஐ நேற்று அழித்து இடம் ஒதுக்கினேன். மெக்ஸிகோவுக்கு ஒரு கடைசிச் சுற்று போய்விட்டு வந்துதான் அழித்தேன். ஷுதோவில் இன்னும் ஏழு பேர் பாக்கி இருக்கிறார்கள். அதில் ஒருவர் நான் எந்தக் காரில் போனாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருடைய நிபந்தனை என்னவென்று துண்டுச் சீட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். மே 19க்குள் கண்டுபிடிக்க வேண்டும்.